ஜப்பானிலிருந்து கேனனெட் க்யூஎல்17 ஜி3 வந்துகொண்டிருக்கிறது: பார்சல் வரும்வரை என்ன செய்யலாம், வந்த அன்று எதைப் பார்க்க வேண்டும்?

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். கேனனெட் க்யூஎல்17 ஜி3ங்கிற பழைய கேனன் ஃபிலிம் கேமரா ஒண்ணு ஜப்பான்ல வாங்கியிருக்கேன், ஈஎம்எஸ்ல (விரைவுத் தபால்) வருது. விற்றவர் எழுதியிருந்தது: "எக்ஸலன்ட் ப்ளஸ் 5. ஷட்டர் வேலை செய்கிறது. மீட்டர் சோதிக்கவில்லை. லைட் சீல் மாற்ற வேண்டும்." (மீட்டர்னா வெளிச்சத்தை அளக்கிறது, லைட் சீல்னா பின்கதவு இடுக்குல வெளிச்சம் நுழையாம தடுக்கிற ஃபோம்.) ட்ராக்கிங்ல வெளிநாட்டு பரிமாற்ற அலுவலகத்துல இருந்து கிளம்பிருச்சுன்னு காட்டினதோட சரி, அதுக்கப்புறம் அசைவே இல்ல.

கேட்க வேண்டியது மூணு: இந்த நிறுத்தம் சாதாரணமா? பார்சல் வர்றதுக்குள்ள என்னென்ன வாங்கி வைக்கணும்? வந்த அன்னிக்கே எப்படிச் சோதிச்சா, பழுது இருந்தா திருப்பிக் கேட்க முடியும்?

#2 இருட்டறை

நிறுத்தம் சாதாரணம்தான். ஜப்பானில் பரிமாற்ற அலுவலகத்தை விட்டுப் பை கிளம்பியதும் ஒரு ஸ்கேன். அடுத்த ஸ்கேன் இந்தியாவில் பரிமாற்ற அலுவலகத்துக்குள் நுழையும்போதுதான். நடுவில் பை விமானத்தில் இடம் கிடைக்காமல் சரக்குக் கிடங்கில் கிடந்தாலும், வேறு ஊர் வழியாகச் சுற்றி வந்தாலும் பதிவு எதுவும் விழாது. அந்த நேரத்தில் மணிக்கொரு தடவை பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் பயன் இல்லை. உள்ளே வந்தபின் "சுங்கப் பரிசோதனை" என்று ஒரு வரி வரும். அங்கே நின்றால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அடையாள அட்டை நகலோ, பணம் கட்டிய ரசீதோ கேட்டுத் தகவல் வந்திருக்கும்.

விற்றவர் கொடுத்த எண் சரிதானா என்பதை நீங்களே பார்க்கலாம். ஈஎம்எஸ் எண் 13 இடங்கள் கொண்டது: முன்னால் 2 எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டின் 2 எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. உதாரணமாக 30715264 என்றால் கூட்டு 161, மீதி 7, ஆகவே கடைசி இலக்கம் 4. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எண் தப்பாகத் தட்டச்சாகியிருக்கிறது. விற்றவரிடம் ரசீதின் படத்தைக் கேளுங்கள்.

சுங்கவரி கேமரா விலைக்கு மட்டும் போடுவதில்லை. விலை, அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் பழைய இழைகளில் உள்ள சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்றவரைக் கேட்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம். பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு எழுதிய மதிப்புக்கு மேல் வராது என்பது மறுபக்கம்.

#3 பிலிம்சுருள்

விளம்பரத்தில் உள்ள வார்த்தைகளை இப்போதே இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். "எக்ஸலன்ட் ப்ளஸ் 5" என்றால் உச்ச நிலை என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பான் கடைக்காரர்கள் வழக்கில் அதற்கு மேலே "நியர் மிண்ட்", "மிண்ட்" எல்லாம் உண்டு. பெரும்பாலும் அந்தத் தரம் வெளித்தோற்றத்துக்குத்தான்.

"மீட்டர் சோதிக்கவில்லை" என்பதை "மீட்டர் வேலை செய்யாது" என்றே எடுத்துக்கொண்டு விலையை எடைபோடுவது நல்லது. ஒரு பேட்டரி போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். கடைக்காரர் அதைக்கூடச் செய்யவில்லை என்றால் பலன் தெரிந்திருக்கலாம். சில சமயம் 1.35 வோல்ட் பேட்டரி கையில் இல்லாததால் மட்டும் அப்படி எழுதுவார்கள். இரண்டில் எது என்று தெரிய, பேட்டரி அறையின் உட்புறப் படம் ஒன்றை இப்போதே கேளுங்கள். தகடு பளிச்சென்று இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அரிப்பு ஒயருக்குள்ளும் ஏறியிருக்கலாம்.

விளம்பரப் பக்கத்தையும், எல்லாப் படங்களையும், விற்றவரோடு பேசியதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொருள் விற்றதும் பல தளங்களில் படங்கள் காணாமல் போகும். தகராறு வந்தால் "விவரித்தபடி இல்லை" என்று காட்ட அந்த விவரிப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

#4 மெக்கானிக்கல்மட்டும்

வாங்கி வைக்க வேண்டியதுக்கு வர்றேன். முதல்ல பேட்டரி. ஜி3 1972ல வந்த கேமரா. அன்னிக்கு இருந்த பிஎக்ஸ்625 பாதரச பேட்டரி, 1.35 வோல்ட், தீரும்வரை வோல்டேஜ் அப்படியே நிக்கும். மீட்டரை அதை நம்பித்தான் அளவு பண்ணியிருக்காங்க. பாதரச பேட்டரி இப்போ கடைல கிடையாது. மூணு வழி இருக்கு:

காது மிஷினுக்குப் போடுற 675 ஜிங்க்-ஏர் பேட்டரி. 1.4 வோல்ட், கிட்டத்தட்ட நிலையா நிக்கும். மெடிக்கல் ஷாப்ல, காது மிஷின் விக்கிற கடைல கிடைக்கும். இதோட அகலம் 11.6 மிமீ, பிஎக்ஸ்625 சுமார் 16 மிமீ. அதனால சுத்தி ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டு நடுவுல நிறுத்தணும். உயரமும் கொஞ்சம் குறையும்; அலுமினியத் தாளை மடிச்சு மைனஸ் பக்கம் வச்சா சரியாயிடும். ப்ளஸ் பக்கம் இருக்கிற சின்ன ஓட்டை வழியாத்தான் அது காத்து இழுக்குது, அதை அடைச்சிடாதீங்க. ஸ்டிக்கரை உரிச்சதும் உடனே போடாம சில நிமிஷம் காத்துல வைங்க, வோல்டேஜ் ஏறி நிலைக்கட்டும். குறை என்னன்னா, உரிச்சதும் ஆயுள் ஓட ஆரம்பிச்சிடும். படம் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒண்ணு ரெண்டு மாசம்தான். அதனால பார்சல் வர்ற வரைக்கும் ஸ்டிக்கரைத் தொடாதீங்க.

ரெண்டாவது, எஸ்ஆர்44 சில்வர் ஆக்ஸைடு பேட்டரியோட ஷாட்கி டயோடு வச்ச அடாப்டர். 1.55 வோல்ட்டை டயோடு இறக்கித் தரும். விலை கூட, ஆனா ஒரு தடவை வாங்கினாப் போதும்.

மூணாவது 625 அல்கலைன். வேண்டவே வேண்டாம். 1.5ல ஆரம்பிச்சு தீரத் தீர இறங்கிக்கிட்டே இருக்கும், மீட்டர் இன்னிக்கு ஒண்ணு சொல்லும், அடுத்த மாசம் வேற சொல்லும்.

#5 செம்பருத்தி

அல்கலைனை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வந்த அன்று மீட்டர் முள் அசைகிறதா என்று பார்க்க அது போதும். கலர் நெகட்டிவ் மட்டும் எடுப்பவருக்கு ஏஎஸ்ஏவை (ஃபிலிம் வேக எண்) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, இறக்கி வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்: 400 ஃபிலிமுக்கு 200.

#6 மெக்கானிக்கல்மட்டும்

முள் அசையுதான்னு பார்க்க, சரி. படம் எடுக்க நான் ஒத்துக்க மாட்டேன். வோல்டேஜ் கூட இருந்தா மீட்டர் வெளிச்சம் அதிகம்னு நம்பும். கேனனெட் "ஏ"ல, அதாவது ஆட்டோல, இருக்கும்போது அதை நம்பி அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரம்) இன்னும் மூடும். படம் அண்டர் ஆகும், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் பத்தாது. கலர் நெகட்டிவ் ஓவரைத் தாங்கும், அண்டரைத் தாங்காது. நீங்க சொல்ற ஒரு ஸ்டாப் திருத்தமும் எல்லா வெளிச்சத்துலயும் ஒரே அளவுல பொருந்தாது. வெயில்ல ஒரு பிழை, நிழல்ல ஒரு பிழை. எந்தப் பிழைன்னு தெரியாம திருத்துறதை விட, பேட்டரி இல்லாம மேனுவல்ல எடுக்கலாம். இந்தக் கேமராவோட பெரிய நல்ல குணமே அதுதான்: 1/4 முதல் 1/500 வரை ஷட்டர் பூரா மெக்கானிக்கல். பேட்டரி மீட்டருக்கு மட்டும்.

#7 செம்பருத்தி

மேனுவலில் எடுக்கலாம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப்16இல் வைத்து, ஷட்டரை ஃபிலிம் வேகத்துக்கு நெருங்கிய எண்ணில் வைத்தால் மீட்டரே வேண்டாம். ஆனால் மீட்டரின் முள் "ஏ"யில் மட்டும்தான் பயன் தரும் என்பதை வைகைக்கரை தெரிந்துகொள்ள வேண்டும். மேனுவலுக்குப் போனால் ஜி3யில் மீட்டர் உங்களோடு பேசாது. செல்போன் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி வையுங்கள்.

#8 வடமராட்சி

லைட் சீல் பற்றி நான் சொல்லுறன் தம்பி. அந்தக் காலத்துக் கறுப்பு ஃபோம் பொலியூரித்தேன். காற்றில இருக்கிற ஈரமே அதைப் பிரிச்சுப் போடும், தார் மாதிரி ஒட்டும். எங்கட கடற்கரை ஊர்களில புது ஃபோம் போட்டாலும் அதே கதிதான், சில வருசம் தள்ளி வரும் அவ்வளவுதான். அதனால கமராப் பின்கதவின்ர மேல், கீழ்ப் பள்ளங்களுக்கு ஃபோம் வேண்டாம், கறுப்புக் கம்பளி நூல் போடுங்கோ. ஸ்வெட்டர் பின்னுற நூல். அது உக்காது.

கழட்டுற விதம்: முதல்ல ஃபிலிம் ஓடுற இடத்தின்ர நடுச் சட்டத்தை மாஸ்கிங் டேப்பால மூடுங்கோ, துகள் உள்ளுக்குப் போகாது. மூங்கில் குச்சியின்ர நுனியை உளி மாதிரிச் சீவி, 99 வீத ஐசோப்ரோப்பைல் அல்ககோல்ல தோய்ச்சு, பள்ளத்தில வைச்சு ஒரே திசையில தள்ளுங்கோ. முன்னும் பின்னும் தேய்ச்சா பசை பரவும். ஊசி, ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம். பெயின்ற் போனா உள்ளுக்கு வெளிச்சம் தெறிக்கும். கமராவைக் கவிழ்த்துப் பிடிச்சுச் செய்யுங்கோ.

கீல் பக்கம் அகலமான துண்டு ஒன்று இருக்கும். அதுக்கு நூல் சரிவராது, பின்பக்கம் பசை உள்ள கறுப்பு வெல்வெட் நல்லது. பசைப் பக்கத்தைத் தண்ணியால கொஞ்சம் நனைச்சு வைச்சா உடன ஒட்டாது, நகர்த்தி நேராக்கலாம். கதவை மூடிப் பாருங்கோ. அழுத்தித்தான் பூட்ட வேண்டியிருந்தா தடிப்புக் கூடிப் போச்சு, மெல்லிசாப் போடுங்கோ. கூடத் தடிப்பு கதவை வளைக்கும், ஃபிலிமைத் தட்டையா அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ப்ளேட் சரியா இருக்காது.

#9 வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 675 பேட்டரி, ஓ-ரிங், நூல், வெல்வெட், ஐசோப்ரோப்பைல் எல்லாம் குறிச்சுக்கிட்டேன். பார்சல் கைக்கு வந்ததும் முதல்ல சீல் மாத்திட்டு அப்புறம் சோதிக்கவா?

#10 இருட்டறை

கூடவே கூடாது. சோதனை முதலில், கைவைப்பது கடைசியில். சீலை மாற்றினாலோ, ஒரு திருகைக் கழற்றினாலோ "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல விற்றவருக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள். காத்திருந்த ஆசையில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: பெட்டியைப் பிரித்ததும் ஃபிலிம் போட்டு வெளியே கிளம்பிவிடுகிறார்கள். ஃபிலிம் கழுவி வருவதற்குள் புகார் கொடுக்கும் கெடு போய்விடுகிறது. வாங்கிய தளத்தில் அந்தக் கெடு எந்தத் தேதிவரை என்று இன்றே பார்த்துக் காலண்டரில் குறியுங்கள்.

வந்த அன்று செய்ய வேண்டியது இது. பெட்டி நசுங்கியிருந்தால் தபால்காரர் முன்னிலையிலேயே படம் எடுங்கள், முடிந்தால் எழுதி வாங்குங்கள். பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும். பெட்டியையும் உள்ளே இருந்த குமிழ்த் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் தபால் துறை பொதிந்த விதத்தையும் பார்க்கும்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும் எதன்மேலும் நம் ஊரில் வியர்வை பூக்கும். பார்சல் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையிலேயே வையுங்கள். லென்ஸுக்குள் ஈரம் படிந்தால் பூஞ்சைக்கு அதுவே விதை.

பின்கதவைத் திறப்பதற்கு முன், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறித் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. இறுக்கம் தெரிந்தால் உள்ளே யாரோ எடுத்த ஃபிலிம் இருக்கிறது! கதவைத் திறந்தால் அது போச்சு. கீழே உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்து, தடை விடுபடும்வரை சுற்றிவிட்டுத் திறங்கள். கலர் நெகட்டிவ் என்றால் கறுப்பு வெள்ளையாகக் கழுவினாலும் ஏதாவது தெரியும். கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிம்) என்றால் வண்ணத்தில் கழுவ உலகில் எங்கும் வழியில்லை; கான்சாஸில் கடைசியாக அதைக் கழுவிவந்த கூடம் 2010 டிசம்பரோடு வாங்குவதை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுக்கலாம். யாரோ ஒரு குடும்பத்தின் முகங்கள் அதில் இருக்கக்கூடும், பொறுமையாகக் கையாளுங்கள்.

பேட்டரி அறையில் பழைய பாதரச பேட்டரி கிடந்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஜிப் பையில் மூடி மின்கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள்.

#11 மெக்கானிக்கல்மட்டும்

இருட்டறை சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. கேனனெட்டை கையில வாங்கினதும் லீவரை இழுத்து பட்டனை அழுத்துவீங்க, அது இறங்காது. ஷட்டர் செத்துப்போச்சுன்னு பயந்துடாதீங்க. அப்பர்ச்சர் வளையம் "ஏ"ல இருந்து, பேட்டரி இல்லாமலோ வெளிச்சம் பத்தாமலோ இருந்தா பட்டனைப் பூட்டிக்கும், அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. வளையத்தை எஃப்8ல வச்சு அழுத்துங்க. இப்பவும் இறங்கலைன்னாத்தான் பழுது.

பட்டன் இறங்கி "டிக்" சத்தம் வந்தும் உள்ளே இதழ் திறக்கலைன்னா, இதழ்ல எண்ணெய். பின்கதவைத் திறந்து, எஃப்1.7 வச்சு, ஜன்னலைப் பார்த்துப் பிடிச்சு ஒவ்வொரு வேகத்துலயும் அழுத்திப் பாருங்க. அப்பர்ச்சர் இதழும் ஒட்டும்: எஃப்16ல வச்சா உடனே சுருங்கணும், மெதுவா ஊர்ந்து வந்தா எண்ணெய்.

லைட்டர் பெட்ரோலை முன்னாடி இருந்து ஊத்துங்கன்னு வீடியோ நிறைய இருக்கு. செய்யாதீங்க. அது எண்ணெயைக் கரைக்கும், ஆனா கரைஞ்சது எங்கயும் போகாது. இதழ் மேல மெல்லிசாப் பரவி மறுபடி ஒட்டும், மீதி லென்ஸ் உள்கண்ணாடியில மூட்டமாப் படியும். முன் கண்ணாடித் தொகுதியைக் கழட்டி, பஞ்சுக் குச்சியில தொட்டுத் தொட்டுத் துடைச்சு எடுக்கிறதுதான் வேலை. அதுவும் திருப்பி அனுப்புற எண்ணம் இல்லைன்னு முடிவு பண்ணினப்புறம்.

#12 செம்பருத்தி

ஷட்டர் வேகத்தைக் காதால் மட்டும் எடைபோட வேண்டாம். செல்போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். பின்கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தி, பின்னாலிருந்து வீடியோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, வட்டம் வெளிச்சமாக இருக்கும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். பாதி திறந்ததை அரை என்று கொள்ளுங்கள்.

1/4 க்கு 60 ஃப்ரேம், 1/8 க்கு 30, 1/15 க்கு 16, 1/30 க்கு 8, 1/60 க்கு 4. அதற்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. 1/125 க்கு இரண்டு ஃப்ரேம்கூட முழுதாக வராது. 60 வர வேண்டிய இடத்தில் 75 வந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் தாமதம், கவலை வேண்டாம். 120 வந்தால் ஒரு முழு ஸ்டாப். மெதுவேகப் பல்சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருக்கிறது. சிலநேரம் அந்த வேகத்திலேயே திரும்பத் திரும்ப அழுத்தினால் இளகும், ஆனால் சில வாரம் சும்மா வைத்தால் மறுபடி இறுகும். அழுத்தி அழுத்தி இளக்கிய பிறகு எடுத்த வீடியோ உண்மை நிலையைக் காட்டாது. முதல் அழுத்தத்திலிருந்தே பதிவு செய்யுங்கள்.

#13 பிலிம்சுருள்

ரேஞ்ச்ஃபைண்டரை (இரண்டு உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் பிடிக்கும் அமைப்பு) மறக்க வேண்டாம், பார்சல் குலுங்கினால் முதலில் விலகுவது அதுதான். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தையோ நிலாவையோ பாருங்கள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு உருவமும் ஒன்றாக விழ வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸ் தப்பும். மேலும் கீழுமாக விலகினால் கண்ணுக்குத்தான் தொந்தரவு.

அது ஒத்துவந்தாலும் லென்ஸ் உண்மையில் அங்கே ஃபோகஸ் ஆகிறதா என்பது தனிக் கேள்வி. தேய்த்த கண்ணாடித் துண்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் நேரான கண்ணாடியில் மங்கலான வெள்ளை டேப்பை ஒட்டுங்கள். ஃபிலிம் ஓடும் இடத்தில் இரண்டு ஜோடித் தண்டவாளம் இருக்கும். வெளி ஜோடியில் பிரஷர் ப்ளேட் உட்காரும். ஃபிலிம் உள் ஜோடியில்தான் படுக்கும். டேப் பக்கம் லென்ஸைப் பார்க்க, கண்ணாடியை உள் ஜோடியின் மேல் வையுங்கள். ஷட்டரை "பி"யில் திறந்து பிடித்து, எஃப்1.7இல் அந்தக் கோபுரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். கூர்மையாக இல்லையென்றால் முன்பு யாரோ லென்ஸைக் கழற்றித் தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள். இது திருப்பி அனுப்பப் போதுமான காரணம்.

#14 வடமராட்சி

லென்ஸை டோர்ச்சால பார்க்கேக்க நேரா அடிக்காதீங்கோ, சரிவா அடியுங்கோ. நேரா அடிச்சா எந்தப் பழைய லென்ஸும் குப்பையாத் தெரியும். தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரிக் கிளைச்சுப் போனா பூஞ்சை. இதழுக்குப் பின்னால உள்ள கண்ணாடியில சீரா ஒரு மூட்டம் நிண்டா அது எண்ணெய் ஆவி, துடைக்க வரும். பூஞ்சையும் துடைக்க வரும், ஆனா அது கோட்டிங்கைத் தின்றிருந்தா அந்தத் தடம் போகாது.

பூஞ்சை இருந்தா மற்றக் கமராக்களோட சேர்த்து வைக்காதேங்கோ. காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளுக்கு ஒரு சின்ன ஈரப்பத மீற்றர். 40 முதல் 50 வீதம் வைச்சிருங்கோ. 30க்குக் கீழ இறக்கினா பழைய தோலும் பசையும் காய்ஞ்சு உரியும்.

#15 கொல்லிமலை

இழையை வாசித்துக்கொண்டே வந்தேன், பயனுள்ளது. உக்ரைனிலிருந்து ஃபெட்-3 என்ற சோவியத் ஃபிலிம் கேமராவை எதிர்பார்க்கிறேன். இதே சோதனைகள் பொருந்துமா?

#16 மெக்கானிக்கல்மட்டும்

பாதி பொருந்தும். கார்கிவ்ல செய்த ஃபெட்ல துணித் திரை ஷட்டர், அதனால முதல் விதி: லீவரை இழுத்து ஷட்டரை ஏத்தினப்புறம்தான் வேகத்தை மாத்தணும். ஏத்தாம வேக வளையத்தைத் திருப்பினா உள்ள பின் வளைஞ்சு மாட்டிக்கும். பெட்டியைப் பிரிச்சதும் ஆர்வத்துல அந்த வளையத்தைத்தான் கை தேடும், தொடாதீங்க. பேட்டரி எதுவும் வேண்டாம். லென்ஸைக் கழட்டிட்டு, இருட்டு அறைல முன்னாடி இருந்து டார்ச் அடிச்சு, பின்கதவு திறந்த பக்கமாத் திரையைப் பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சா துணியில ஓட்டை. வெயில்ல லென்ஸ் மூடி இல்லாம வச்சா சூரியனே புது ஓட்டை போடும்.

#17 வைகைக்கரை

கடைசியா ஒண்ணு. சோதனை எல்லாம் தேறி, சீலும் மாத்தினப்புறம், முதல் ரோல்ல என்ன எடுக்கணும்? எப்படிப் படிக்கணும்?

#18 பிலிம்சுருள்

24 ஷாட் கலர் நெகட்டிவ் போதும். ஃபிலிம் நுனியைச் சிவப்புக் குறிவரை இழுத்து வைத்து மூடுங்கள். லீவரை இழுக்கும்போது திரும்பச் சுற்றும் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை. எத்தனை ஷாட் என்று எண்ணிக் காட்டும் முள்ளை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு ஷாட்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே சுவரை ஒரே வெளிச்சத்தில் 1/500 எஃப்4, 1/250 எஃப்5.6, 1/125 எஃப்8, 1/60 எஃப்11, 1/30 எஃப்16 என்று எடுங்கள். ஐந்து நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்தால் அந்த வேகத்தில் ஷட்டர் சீக்கிரம் மூடுகிறது, தடித்தால் தாமதமாக மூடுகிறது. அடுத்து எஃப்1.7இல் ஒரு மீட்டர், மூன்று மீட்டர், முடிவிலி. அதே சுவரை "ஏ"யில் மூன்று வேகத்தில். நடுவே ஒரு ஃப்ரேமை ஏற்றி வைத்து, லென்ஸ் மூடியோடு கேமராவை வெயிலில் கொஞ்ச நேரம் எல்லாப் பக்கமும் காட்டுங்கள்.

லேபில் ஸ்கேன் மட்டும் வாங்காதீர்கள், நெகட்டிவைக் கையில் வாங்குங்கள். ஸ்கேனர் எக்ஸ்போஷர் பிழையைத் தானே திருத்திவிடும், உங்களுக்குத் தெரியாது. கறுத்த கறை படத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் துளைகள்வரை போயிருந்தால் வெளிச்சம் பின்கதவு வழியாக வந்தது, சீலை மறுபடி பாருங்கள். கறை படச் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் வந்த வழி லென்ஸ் பக்கம். ஷட்டர் இதழ் முழுசாக மூடவில்லை என்று அர்த்தம்.